எழுத்துப் பிழை மட்டும்

கதவை ஒட்டிய நாற்காலிதான் எனக்கு. போன கூட்டத்திலும் இதுவே. மற்றவர்கள் முன்னால் வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள், மிஞ்சியது இது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நானே முதலில் வந்திருந்தால் நடுவில் போய் உட்கார்ந்திருப்பேனா? மாட்டேன். கதவருகேதான் உட்கார்ந்திருப்பேன். அப்படியானால் யாரைச் சந்தேகப்படுவது? "வாங்க மைமூன் டீச்சர், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்கிறார் அறவாழி ஐயா. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. தாமதம் என்கிறாரா, மரியாதை செய்கிறாரா? மேசையில் பஃப்ஸ் வந்திருக்கிறது. "உங்களுக்கு முட்டை பஃப்ஸ் தனியாச் சொல்லி வாங்கியிருக்கேன்." சிரிக்கிறேன், நன்றி சொல்கிறேன். இரண்டு வருஷமாக எனக்கு முட்டை ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் காய்கறி பஃப்ஸை எடுத்தால் என்ன நினைப்பார்? இவர்கள் முன்னால் சைவ வேஷம் போடுகிறேன் என்றா? அவர் கொடுத்ததையே எடுத்து ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்கிறேன். எதிரே என் தோழி தேவகிருபை, என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள், முட்டை என்றால் உயிரை விடுவாள். அவளுக்கு யாரும் தனியாக வாங்கவில்லை.

ஒரு பதிப்பகத்தின் மூன்றாவது மாடி இது. ஏழாம் வகுப்புக்கான துணைப்பாடக் கதைப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள். நிறைய தனியார் பள்ளிகள் வாங்கும். கதைகளைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு. ஐயா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் தலைவர். அப்புறம் கிருபை, நான். முன்னுரைக்கு அடியில் எங்கள் பெயரை இப்போதே போட்டு வைத்திருக்கிறார்கள், சுவர்த் திரையில் தெரிகிறது. அ. அறவாழி, ஜெ. தேவகிருபை, சே. மைமூன். மூன்றையும் ஒன்றாகப் படித்தால் பள்ளிக்கூடச் சுவரில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் வரிசையாக வரைந்திருப்பார்களே, அந்தப் படம் போலவே இருக்கிறது. என்னைக் கூப்பிட்டது என் தமிழுக்காகவா, படத்தில் மூன்றாவது கட்டடம் குறைந்ததாலா? "உங்க தமிழ் ரொம்பச் சுத்தம் டீச்சர்" என்று முதல் நாளே ஐயா சொன்னார். கிருபையின் தமிழும் சுத்தம்தான், அவளிடம் அதை யாரும் சொன்னதில்லை. "வீட்ல என்ன பேசுவீங்க, உருதா?" "தமிழ்தான் ஐயா." "ஓ, தமிழே பேசுவீங்களா." அந்த ஏகாரம். இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் ஏகாரம் நடத்துகிறேன். தேற்றம், வினா, எண், பிரிநிலை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அன்று அவர் சொன்னது பிரிநிலை ஏகாரம். ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்துவது. மனிதர் நல்லவர். அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம்.

நாலாவதாக ஒருத்தி அறையில் இருக்கிறாள். நதியா, டைப் செய்யும் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவள் கணினியில் அடிப்பது சுவர்த் திரையில் பெரிதாக விழும், நாங்கள் பார்த்துத் திருத்தம் சொல்வோம். பெயரைக் கேட்டதும் நம்ம பிள்ளையோ என்று நினைத்தேன். நெற்றியில் பொட்டு. இல்லை. வந்ததிலிருந்து என்னையே பார்க்கிறாள். நான் நிமிர்ந்தால் திரைக்குத் திரும்பிக்கொள்கிறாள், குனிந்தால் மறுபடி பார்க்கிறாள். என் முக்காட்டையா? கிள்ளி வைத்த பஃப்ஸையா? கூட்டத்தில் யார் எதற்கு மறுப்புச் சொன்னார்கள் என்று முதலாளிக்குத் தனியாக எழுதிக் கொடுப்பாளோ? போன முறை ஒரு கதையில் நான் சந்திப்பிழை சொன்னபோதும் இப்படித்தான் பார்த்தாள். மூன்றாம் மாடியில் நான்கு பேர் மட்டும் இருக்கும் அறையில் ஒருத்தி ஓயாமல் என்னைப் பார்த்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் நல்ல காரணமாக இருக்காது.

"அடுத்தது, 'அக்கரை பாய்'" என்கிறார் ஐயா. இதற்காகத்தான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எழுதியவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது, குடும்பத்தில் உரிமை வாங்கியிருக்கிறார்கள். கதையில் ஆற்றுக்கு அக்கரையில் கறிக்கடை வைத்திருக்கும் ஒரு கரீம் பாய். மருதாணித் தாடி, கட்டம் போட்ட கைலி, இடுப்பில் கத்தி, வீடு நிறையப் பிள்ளைகள். இக்கரை ஆட்கள் அவரைக் கண்டு ஒதுங்குகிறார்கள். ஒரு நாள் வெள்ளம் வருகிறது, இக்கரைச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றிவிட்டுப் பாய் செத்துப் போகிறார். ஊரே அழுகிறது, "பாயா இருந்தாலும் மனுஷன்யா" என்கிறது. இருந்தாலும். இந்த ஒரு சொல்லை எத்தனை தரம் படித்தேன். நல்லவர் என்று பெயர் வாங்க அவர் செத்தாக வேண்டியிருக்கிறது, இக்கரை ஆட்கள் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கரையில் நின்று அழுதால் போதும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேச்சுதான். "நம்பள் கடை இன்னிக்கி லீவ் சாமி." "அரே தம்பி, நிம்பள் பயப்படாதே." எந்த ஊரில் எந்தப் பாய் இப்படிப் பேசினார்? எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து, தமிழில் சண்டை போட்டு, தமிழில் தாலாட்டுப் பாடி, தமிழில் ஒப்பாரி வைத்தவர்கள். நான் ஏழாவது படிக்கும்போது துணைப்பாடத்தில் இப்படி ஒரு பாய் வந்தார். வாசிக்க ஆள் வேண்டும் என்றதும் சாரின் கை தானாக என் பக்கம் நீண்டது. நான் எழுந்து நின்று, எனக்குத் தெரியாத அந்தப் பாஷையை, என் பாஷை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த பாஷையை, வாசித்தேன். வகுப்பு சிரித்தது. மோசம் என்னவென்றால் நானும் சிரித்தேன். நன்றாக வாசித்தேன் என்று சார் பாராட்டினார். என் மகள் ரிஃபா ஜூன் மாதம் ஏழாவது போகிறாள். அவள் பள்ளியில் இந்தப் புத்தகம்தான். எந்த டீச்சரின் கை அவள் பக்கம் நீளும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

பேச வேண்டும். பேசினால் என்ன ஆகும்? 'இவங்களுக்கு எப்பவும் இதே பிரச்சினைதான்' என்று ஆகும். பேசாவிட்டால்? முன்னுரைக்கு அடியில் என் பெயர் இருக்கும், பாய் கதையைக் குழுவில் இருந்த முஸ்லிம் டீச்சரே ஒப்புக்கொண்டார் என்று ஆகும். அதற்காகத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்களோ? எங்கோ குண்டு வெடித்த வருஷம், அப்போது உயிரோடிருந்த என் வாப்பா என்னைப் பார்க்க ரயிலேறி வந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் வரிசையாக ஐம்பது பேர் வெளியே போனார்களாம். ஒருவரை மட்டும் தள்ளி நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். கைலி, மாத்திரை அட்டை, தொழுகைத் தொப்பி, பேப்பரில் சுற்றிய அல்வாப் பொட்டலம். அல்வாவையும் பிரிக்கச் சொல்லி ஒருவர் பேனா முனையால் குத்திப் பார்த்தாராம். வாப்பா அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த அல்வாவை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. பேனா, அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது. லத்தியால் குத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

"ஐயா, இந்தக் கதை வேண்டாம்னு நினைக்கிறேன்." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கிறது. கிருபை நிமிர்கிறாள். நதியாவின் கைகள் விசைப்பலகையில் நிற்கின்றன, பார்க்கிறாள், வெட்கமில்லாமல் நேராகவே பார்க்கிறாள்.

"ஏன் டீச்சர்? அவரு நல்லவராத்தானே வர்றாரு? பசங்களுக்கு ஒற்றுமை உணர்ச்சி வரும்னுதான் நானே இதை எடுத்தேன்."

"நல்லவர்தான் ஐயா. ஆனா அவரு பேசுறது தமிழும் இல்லை, உருதும் இல்லை. எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. இதைப் படிக்கிற பிள்ளைக்கு, பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளை வேற எங்கேயோ இருந்து வந்ததுன்னு தோணும். அவர் சாகுற வரைக்கும் அவரை யாரும் வீட்டுக்குள்ள கூப்பிடவும் இல்லை."

சொல்லிவிட்டேன். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார். "எனக்கு அப்படித் தோணவே இல்லை பாருங்க" என்கிறார், உண்மையான வருத்தத்தோடு. அல்லது வருத்தம் மாதிரி ஒன்றோடு. "சரி, எடுத்துடலாம். நீங்க சொல்லி எடுக்காம இருப்பேனா? ஆனா திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். எட்டுப் பக்கம் காலியாகுது. கையில இருக்கிறது ஒரே ஒரு கதைதான். நீங்க குடுத்தீங்களே, 'நீலப் பாசி'. அது சரியா எட்டுப் பக்கம் வரும்."

இவ்வளவு சுலபமாகவா? ஏழாம் வகுப்பிலிருந்து சுமக்கும் வயிற்றெரிச்சல் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடுமா? எங்கேயோ ஏதோ இருக்கிறது. கிருபை மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டுகிறாள், சந்தோஷத்தில். 'நீலப் பாசி' ஒரு பழைய சிறுகதை. மழைக்கால பஸ் ஸ்டாண்டு அப்படியே கண்ணில் நிற்கும், நல்ல நல்ல சொற்கள், பிள்ளைகளுக்கு வர்ணனை சொல்லிக் கொடுக்கத் தோதானது. ஒரு சிறுமியின் சங்கிலி தொலைந்து போகிறது, ஒரு கெட்டிக்காரப் பையன் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கிறான். நானே தட்டச்சுப் படியில் "அருமையான நடை" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்கிறார் ஐயா. "நல்ல கதைதான்" என்கிறாள் கிருபை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "நதியா, 'அக்கரை பாய்' எடுத்துட்டு 'நீலப் பாசி' போட்டுக்கம்மா." திரையில் ஒன்றும் நகரவில்லை. "நதியா? என்னம்மா, தூக்கமா?" விசைகள் சத்தமிடுகின்றன. 'அக்கரை பாய்' அழிகிறது, 'நீலப் பாசி' வருகிறது. அவள் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. பார்த்தேன். நான் ஜெயித்தது இவளுக்குப் பிடிக்கவில்லை. சரிதான். ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒருத்தி இருப்பாள்.

டீ இடைவேளை. கை கழுவப் போகிறேன். முட்டை வயிற்றுக்குள் புரட்டுகிறது. வராந்தாக் கடைசியில் குழாய். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் நதியா. எப்போது வந்தாள்?

"டீச்சர், அந்த 'நீலப் பாசி' கதை நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமா. ஏன்?"

"முழுசாப் படிச்சுட்டுத்தான் குடுத்தீங்களா?"

என்ன திமிர். டைப் செய்கிற பெண் என்னைக் கேட்கிறாள், படித்துவிட்டுக் கொடுத்தாயா என்று. "படிக்காமக் குடுப்பேனாம்மா?" என்கிறேன். அவள் வராந்தாவைத் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது போல.

"அதுல வர்ற குறத்தி திருடுறா டீச்சர். எல்லா வரியிலயும் 'சாமியோவ்'ங்கிறா. சங்கிலி அவ பாசி மூட்டைக்குள்ள இருக்கு. பஸ் ஸ்டாண்டுல அவளைப் போட்டு அடிக்கிறாங்க, பையனுக்கு மாலை போடுறாங்க." மூச்சு வாங்கிக்கொள்கிறாள். "எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி வித்துத்தான் என்னை ஹாஸ்டல்ல படிக்க வெச்சாங்க. எங்க வீட்ல பேசுற பாஷையே வேற. ஆனா எங்கம்மா வீட்டுக்குள்ள யாரையும் சாமியோவ்னு கூப்பிட்டதில்ல."

என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை, எனக்காவது சொல்லிக்கொள்ள வேண்டும். அவள் அதைச் சொல்லி முடித்தபோது என் வலது கை தோளில் தொங்கிய பைக்குப் போய், திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடியிருந்தது. நான் மூடவில்லை. கை மூடியது. ஆனால் கை என்னுடையது. ஜிப் சத்தம் அந்தக் குழாயடியில் நன்றாகவே கேட்டது. அவள் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை, அதுதான் கொடுமை, பழகிப்போன முகம். ஸ்டேஷனில் அல்வாவைப் பிரிக்கும்போது வாப்பாவின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இங்க யாருக்கும் தெரியாது டீச்சர். சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நாளைக்கு ஒரு ஸ்டாப்ளர் காணோம்னாலும் என் டிராயரைத்தான் முதல்ல பார்ப்பாங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்க பாய் கதைக்குப் பேசுவீங்களான்னு காலையில இருந்து உங்களையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். பேசினீங்க. சரி, அடுத்ததுக்கும் இவங்க பேசுவாங்கன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூடுகிறேன். எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு. இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். என் ஒரு காதில் தோடு இல்லை. வேண்டாம். உம்மா அலறுகிறாள், பக்கத்தில் பாசி விற்றுக்கொண்டு நின்றவளைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. அவள் இடுப்பில் ஒரு குழந்தை. மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறார்கள். ஊசி அட்டைகள், சீப்பு, கண்மை டப்பா, பச்சையும் நீலமுமாகப் பாசிகள் சிமென்ட் தரையில் உருண்டு ஓடுகின்றன, ஒரு பால் பாட்டில், தூக்குச்சட்டியில் சோறு. சோற்றையும் கிளறினார்கள். தோடு கிடைக்கவில்லை. "வேற எங்கயாவது ஒளிச்சிருப்பா" என்று ஒரு குரல். அந்தக் குரல் வாப்பாவுடையது. என் வாப்பா. கூட்டம் கலைந்தது. அவள் உட்கார்ந்து பாசிகளைப் பொறுக்கினாள், குழந்தையும் பொறுக்கியது, அதற்கு அது விளையாட்டு. நான் அழாமலிருக்க வாங்கிக் கொடுத்த குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டு பார்த்தேன். வழியில் எங்கேயோ விழுந்த தோடு வழியில் எங்கேயோ கிடந்திருக்கும். நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அவள் ஞாபகம் வந்ததில்லை. கதையில் சங்கிலி பாசி மூட்டைக்குள் கிடைத்தபோது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆமாம். அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் அருமையான நடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அறைக்குத் திரும்புகிற பதினைந்து அடி தூரத்துக்குள் மனம் என்னவெல்லாம் பேசுகிறது. பேசாமல் இரு. நதியா வெளியே சொல்ல மாட்டாள், சொல்ல முடியாது. 'நீலப் பாசி'யை எடு என்றால் எட்டுப் பக்கத்துக்கு என்ன வரும்? பாய் திரும்பி வருவார். கையில் வேறு கதை இல்லை என்று ஐயாவே சொன்னார். ரிஃபா எழுந்து நிற்பாள், வகுப்பு சிரிக்கும், அவளும் சிரிப்பாள். அப்புறம் இன்னொன்று, கேவலமான ஒன்று, சொல்லக் கூசுகிறது: இது ஐயாவின் ஏற்பாடாக இருந்தால்? பாய் கதையை மறுபடி உள்ளே கொண்டுவர இந்தப் பெண்ணை அனுப்பியிருந்தால்? அவள் சொன்னது உண்மை என்று எப்படித் தெரியும்? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. பார்த்தால். எப்படித் தெரிய வேண்டும்? கழுத்து நிறையப் பாசி போட்டுக்கொண்டு வந்தால் நம்புவாயா? என்னைப் பார்த்து, "டீச்சர், உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லை" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், பாராட்டு மாதிரி.

உட்காருகிறேன். நதியா திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து முதல்முறையாகப் பார்க்கவில்லை.

"ஐயா, 'நீலப் பாசி' வேண்டாம்."

"என்ன டீச்சர்? நீங்க குடுத்த கதைதானே!"

"நான் சரியாப் படிக்காமக் குடுத்துட்டேன்." இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. "அந்தப் பாசி விக்கிறவதான் திருடியிருப்பான்னு கதை முதல் வரியிலயே முடிவு பண்ணிடுது. நான் அதைப் பார்க்கலை."

"முடிவு பண்ணலையே. அவ மூட்டையிலதானே சங்கிலி கிடைக்குது?"

"எழுதினவர் அங்க வெச்சதாலதானே ஐயா கிடைக்குது."

கிருபை என் பக்கம் சாய்ந்து காதுக்குள் சொல்கிறாள்: "ஏட்டி, ஒனக்கு வேண்டியது கெடச்சிட்டுல்லா? இப்ப எதுக்கு இதைக் கிண்டுத? ஒன் வகுப்புல நரிக்குறவப் பிள்ளை ஒண்ணுகூடக் கிடையாதே." கிடையாதா? எனக்கு எப்படித் தெரியும்? நதியா படித்த வகுப்பில் அவள் டீச்சருக்குத் தெரிந்திருக்குமா? கதைகளில் வருகிற கிறிஸ்தவப் பெண்கள் எல்லாரும் ஏன் நர்ஸாகவே இருக்கிறார்கள் என்று என்னிடம் வருஷக்கணக்காகப் புலம்புகிறவள் இந்தக் கிருபைதான்.

"அப்போ 'அக்கரை பாய்'தான் திரும்ப வரும். வேற வழி எனக்குத் தெரியலை" என்கிறார் ஐயா. குரலில் கோபமில்லை, களைப்பு இருக்கிறது. "உங்களுக்குச் சம்மதமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மறுபடி வந்து என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

ரிஃபாவின் முகம் வருகிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "உம்மா, எங்க புக்ல ஒங்க பேரு வருமா?" என்று கேட்டாள். "வரும்" என்றேன்.

"சம்மதம்" என்கிறேன்.

திரையில் 'நீலப் பாசி' ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழிகிறது. 'அக்கரை பாய்' வருகிறது. நதியாவின் முதுகில் ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்கிற முதுகும் இல்லை, எதிர்க்கிற முதுகும் இல்லை. சும்மா ஒரு முதுகு. எதையாவது எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன். கொடுத்த கையோடு திருப்பி வாங்கப் பார்க்கிற மனசு.

ஒரு மணிக்கு ஐயா எழுந்துவிட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். "கடைசி ஒரு தடவை நீங்க பார்த்துக் குடுத்துடுங்க டீச்சர். எழுத்துப் பிழை மட்டும். வாக்கியத்துல கை வைக்க வேண்டாம், உரிமை வாங்கினது அப்படியே போடத்தான்." கதவு வரை போனவர் திரும்பி, "நீங்க சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்கிறார். எதைச் சொல்கிறார் என்று கேட்பதற்குள் போய்விட்டார். கிருபைக்குப் பேருந்து. "மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்புடு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் கதவருகேதான் இருக்கிறேன். எழுந்து போய் நதியாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். பையை எங்கே வைப்பது? மடியிலா, மேசையிலா, கீழேயா? எங்கே வைத்தாலும் அது ஒரு பேச்சாகிவிடும். கீழே வைக்கிறேன். அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் காட்டிக்கொள்ளவில்லை. 'அக்கரை பாய்' முதல் பக்கம். ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, சொல்கிறேன். ஒரு றகரம் ரகரமாகியிருக்கிறது, சொல்கிறேன். இரண்டாம் பக்கம். "நம்பள் கடை இன்னிக்கி லீவ் சாமி." சுட்டுக்குறி அந்தச் சொல்லின்மேல் போய் நின்று மினுங்குகிறது. நகரவில்லை.

"டீச்சர்."

"என்ன?"

"'நம்பள்'ங்கிறது எழுத்துப் பிழைதானே?"

அவளைப் பார்க்கிறேன். முகத்தில் சிரிப்பு இல்லை. வலை விரிக்கிறாளா? நாளை இதைக் காட்டி, மைமூன் டீச்சர் செத்துப்போனவர் எழுத்தில் கை வைத்தார் என்று சொல்வாளா? ஒருவர் எழுதியதை அவர் இல்லாதபோது திருத்துவது சரியா? என் மாணவன் செய்தால் காதைத் திருகுவேன். ஆனால் அவர் மட்டும் எங்களை நாங்கள் இல்லாதபோதுதானே எழுதினார். என்னென்னவோ நியாயங்கள், ஒன்றும் நிற்கவில்லை. அகராதியில் தேடினால் 'நம்பள்' கிடையாது, அது மட்டும் நிச்சயம்.

"ஐயா பார்ப்பாரா?"

"இது கடைசி ப்ரூஃப். நீங்க கையெழுத்துப் போட்டா நேரா அச்சுக்குத்தான்."

"ஆமா" என்கிறேன். "பிழைதான். 'நம்ம'ன்னு இருக்கணும்."

அவள் திருத்துகிறாள். "சாமி?"

"தம்பி."

"அரே தம்பி, நிம்பள் பயப்படாதே."

"பயப்படாத தம்பி. அவ்வளவுதான்."

ஒவ்வொன்றாகப் போகிறோம். பதினோரு இடம். "பாயா இருந்தாலும்" என்கிற இடத்தில் அவள் கை நிற்கிறது, என்னைக் கேட்கவில்லை, அவளாகவே அந்த இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு, இது தவறி இரண்டு தடவை விழுந்திருந்தது என்று சொல்வது போல அடுத்த வரிக்குப் போகிறாள். மருதாணித் தாடி அப்படியே இருக்கிறது. கத்தி இருக்கிறது. வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் சாவதையும் எங்களால் தடுக்க முடியாது. கடைசிப் பக்கம். பையனைக் கரையில் ஏற்றிவிட்டு ஆறு இழுக்க இழுக்கப் பாய் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: "நம்பள் போறான் தம்பி."

"'நான் போறேன் தம்பி'ன்னு போட்டுடவா?"

"வேண்டாம். 'நான் வாரேன் தம்பி'ன்னு போடு."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு நதியா என் பக்கம் திரும்புகிறாள். "சாகப் போறவரு வாரேன்னா சொல்வாரு?"

"சொல்வாங்கம்மா" என்கிறேன். "எங்க வாப்பா சொன்னாஹ."